படலையைச் சாத்தியவன் நான்

மகன்,

உனக்கு என் சலாம். இது வாப்பாவின் கையெழுத்துத்தான். வேறு யாரையும் பிடித்து எழுதுவித்தது என்று நினைக்காதே. வலையில் கட்டிய மிதப்புகள் போல எழுத்துகள் ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் கிடப்பதைப் பார்த்தாலே உனக்கு விளங்கும். இந்தக் கடிதம் தொடங்கிப் பதினொரு நாளாகிறது. சுபஹு தொழுதுவிட்டு வந்து, ஒரு பிளேன்ரீயைக் குடித்துவிட்டுக் கொப்பியை விரித்தால், வெயில் முற்றத்துக்கு வரும்போது அரைப் பக்கம் நிரம்பியிருக்கும். அரைப் பக்கம்! நிமிர்ந்து உட்கார்ந்து அதைப் பார்க்கும்போது, வலை நிறைய மீன் கண்ட மாதிரி எனக்குச் சிரிப்பு வரும். அறுபத்தெட்டு வயதில் ஒரு மனிதனுக்கு இப்படி ஒரு சந்தோசம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். வழக்கம்போல உனக்கு வொய்ஸ் போடலாம்தான். நீ அதை வேலைக்குப் போகிற வழியில் பாதி கேட்பாய், மீதியைக் கேட்டதாகச் சொல்வாய். கடதாசியை அப்படிச் செய்ய ஏலாது. அடுத்த தெரு ஆள் ஒருவர் லீவு முடிந்து திங்கட்கிழமை கட்டாருக்கு வருகிறார். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். நீ தனியாக இருந்து வாசி. இதில் இனிப்பான சங்கதி இவ்வளவுதான். மற்றதெல்லாம் கசப்பு.

எனக்கு எழுத்துப் பழக்கியது உன் பெண்சாதி றிஸ்மியா என்று உனக்குத் தெரியும். எப்படி நடந்தது என்று தெரியாது. மகன் கட்டிப் போன வீட்டுக்கு வாப்பாக்காரன் அடிக்கடி போவது நம் ஊரில் வழக்கமில்லை. வீடு பெண்ணுடையது. பெருநாளைக்கும் நல்லது கெட்டதுக்கும் போய், தேத்தண்ணி குடித்து, மரியாதையாக எழும்பி வந்துவிட வேண்டும். நீ கட்டாருக்குப் போன மாதம் தண்ணீர்ச் சபையிலிருந்து எனக்கு ஒரு கடதாசி வந்தது. வாசித்துச் சொல்லச் சொல்லி அவளிடம் கொண்டுபோனேன். அவள் வாசிக்கவில்லை. "மூணு மாசம் தாங்க மாமா, நீங்களே வாசிப்பீங்க" என்றாள். பாலர் பாடசாலையில் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் அல்லவா, என்னையும் சின்னக் கதிரையில் உட்கார வைக்காத குறையாகத் தொடங்கிவிட்டாள். முதன்முதலாக நான் தனியாக வாசித்தது கடற்கரைச் சுவரில் இருந்த எழுத்தை. 'இங்கே குப்பை கொட்ட வேண்டாம்' என்று இருந்தது. பத்து வருஷமாக அதற்குக் கீழேதான் நாங்கள் மீன் கழிவு முழுவதையும் கொட்டினோம். ஓடிவந்து அவளிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இப்போது கல்முனையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கடைப் போர்டெல்லாம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது.

நான் வீட்டில் எழுதிக் கொண்டுபோகும் கொப்பியை அவள் சிவப்புப் பேனையால் திருத்துவாள். ஒரு பிழையும் தப்பாது. "என்ன மாமா இது, ஒங்கட எறால் கால் இல்லாம நடக்குது" என்று பகிடி பண்ணுவாள். பிழை குறைந்த நாளில் பக்கத்தின் மூலையில் ஒரு நட்சத்திரம் போடுவாள். நான் அதை வீட்டுக்கு வந்து திரும்பத் திரும்பப் பார்ப்பேன். அவள் மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்து நாலாவது மாதம் கடந்ததும், கொப்பி திருத்தாமல் வரத் தொடங்கியது. "எல்லாம் சரி மாமா" என்றாள். எல்லாம் எப்படிச் சரியாகும்? ஒரு நாள் வேண்டுமென்றே தலைகீழாக எழுதிக் கொண்டுபோனேன். பக்கத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மூடித் தந்தாள். "நல்லாரிக்கி மாமா" என்றாள். தலை வாரவில்லை. கண் இரண்டும் வற்றிய குளம் மாதிரிக் கிடந்தது. மகன், அந்தக் கண்ணை நான் ஏற்கெனவே ஒரு தரம் பார்த்திருக்கிறேன்.

மாதக் கிளினிக்கில் மிட்வைப் மிஸ் அவளிடம் கேள்விகள் கேட்டிருக்கிறார். நித்திரை வருகிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா, பிள்ளையை நினைத்தால் பயமாக இருக்கிறதா என்று. இவள் மறைக்காமல் எல்லாவற்றுக்கும் ஓம் என்றிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் மனசுக்குப் பார்க்கிற பிரிவுக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் துண்டை உன் மாமியார் வாங்கி அலுமாரியில் சாறிகளுக்கு அடியில் வைத்துவிட்டா. நான் போன நேரம் இதைப் பற்றித்தான் தாயும் மகளும் சண்டை. "இளையவளுக்குக் கலியாணம் பேசிட்டு இரிக்கம். மூத்தவ மூளை டொக்டருக்கிட்டப் போறா எண்டு தெரிஞ்சா இந்த வாசலுக்கு ஒருத்தன் வருவானா?" என்று உன் மாமியார் கத்தினா. என்னைக் கண்டதும், "மச்சான், இது எங்கட வீட்டுச் சோலி. நீங்க கொப்பிய எடுத்துட்டுப் போங்க" என்றா. சம்பந்தி வீட்டில் வாய் திறக்கக் கூடாது என்ற வழக்கம் எனக்கும் தெரியும். இருந்தும் அசையவில்லை. "துண்டத் தாங்க மச்சி" என்றேன். "ஒங்களுக்கு என்னத்துக்கு அது?" "எனக்கு இப்ப வாசிக்க ஏலும்." றிஸ்மியா எழும்பிப் போய் அதை எடுத்துவந்து என் கையில் தந்தாள். பாதி இங்கிலீசு. தமிழில் இருந்தது அவள் பெயரும் கிழமையும் நேரமும் மட்டும். அதைச் சத்தமாக வாசித்தேன். புதன்கிழமை, காலை எட்டு மணி. "மாமா, நீங்க என்னோட வாறீங்களா?" என்று அவள் கேட்டாள். இதுவரை மூன்று புதன்கிழமை ஓட்டோ பிடித்துப் போய் வந்துவிட்டோம்.

அதற்குப் பிறகுதான் உன் வொய்ஸ் வந்தது. நாலு தரம் கேட்டேன். இப்போது எழுதத் தெரியும் என்பதால் நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீயே வாசித்துப் பார். "வாப்பா, அவக்கு ஒரு வருத்தமும் இல்ல. உம்மாட குணம்தான் அவக்கும். மூஞ்சத் தூக்கி வெச்சிட்டு இரிக்கிறது. நீங்க செல்லம் குடுக்காதீங்க. கிளினிக்குப் போறத நிப்பாட்டச் செல்லுங்க. வேணுமெண்டா ஓதிப் பாருங்க. இல்லாட்டி நான் இனிக் கோல் எடுக்க மாட்டன் எண்டு செல்லுங்க." ஏழு மாதப் பிள்ளையை வயிற்றில் வைத்திருப்பவளிடம் நான் இதைச் சொல்ல வேண்டுமாம். சொல்லவில்லை. நீ அவளுக்கும் தனியாக ஏதோ அனுப்பியிருக்கிறாய். அன்றைக்கு முழுவதும் அவள் சாப்பிடவில்லை. எனக்கு உன்மேல் வந்த கோபத்தை இந்தப் பேனையால் எழுத ஏலாது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்தக் கோபம் திரும்பி என்னிடமே வந்தது. 'உம்மாட குணம்' என்ற சொல்லை உன் வாயில் வைத்தவன் நான்தானே.

உன் உம்மாவுக்கு அப்படிக் குணம் இருக்கவில்லை. நீ கேட்காமலேயே இருபது வருஷம் கடந்துவிட்டது, நான் சொல்லாமலேயே அவ மவுத்தாகி மண்ணுக்குள் போய் ஐந்து வருஷமும் ஆகிவிட்டது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தபோது உனக்கு ஆறு வயது. உம்மாவின் வீடு கரையோரம் இருந்தது. அவவின் வாப்பா கல் கல்லாகச் சேர்த்து மகளுக்கென்று கட்டிக் கொடுத்த வீடு. ஒரு காலைக்குள் அத்திவாரம்கூட மிஞ்சவில்லை. அந்த இடத்தில் இனிக் கட்டவும் விடமாட்டோம் என்றார்கள். பாலமுனையில் என் ராத்தா வீட்டுக்கு, உன் மாமி வீட்டுக்கு, போய் ஒதுங்கினோம். நம் பக்கத்தில் புருசன்தான் பெண்சாதி வீட்டில் இருப்பான். பெண்சாதி புருசனின் ராத்தா வீட்டில் ஒரு அறையில் இருப்பது எவ்வளவு பெரிய இறக்கம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. என் கூடப்பிறந்தவள் வீடுதானே, சோறு கிடைக்கிறதுதானே என்று இருந்தேன். அங்கேதான் உன் தங்கச்சி வயிற்றில் தங்கினாள். ஐந்தாம் மாதம் உம்மா ஒரு நாள் என் கையைப் பிடித்து, "இது பொம்புளப் புள்ளதான். எனக்குத் தெரியிது. இதுக்கு எங்க வீடு?" என்று கேட்டா. நான் சிரித்தேன். "பொறக்காத புள்ளைக்கு இப்பவே சீதனம் தேடுறியா?" என்றேன். மறுநாளும் அதையே கேட்டா. அதற்கடுத்த நாளும். பிறகு கேட்பதையே விட்டுவிட்டா. கதைப்பதையும் விட்டா. சோற்றைப் போட்டு வைத்தால் ஈ மொய்க்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பா. உனக்குக் காய்ச்சல் வந்து அழுதபோதுகூட எழும்பாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தா. நான் ஏசினேன். ஒரு தரம் கை ஓங்கினேன். அடிக்கவில்லை, ஆனால் ஓங்கினேன். அதையும் எழுதிவிட்டேன்.

அந்தப் பகுதிக்கு வந்த மிட்வைப் மிஸ் காரைதீவுப் பிள்ளை. கடலில் அவவும் ஆட்களைப் பறிகொடுத்தவ என்று பிறகு அறிந்தேன். சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு வந்து உம்மாவோடு நெடுநேரம் இருந்துவிட்டு என்னிடம் வந்தா. "இவங்கட உடம்பு நல்லாயிருக்கு. மனசுதான் சுகமில்லாம இருக்கு. இப்ப இது கனபேருக்கு இருக்கு. ஆஸ்பத்திரிக்கு இதுக்கெண்டே ஒரு டொக்டர் வாறார். இந்தத் துண்டக் குடுத்தாப் போதும், இருந்து கதைப்பாங்க" என்றா. "எங்கட குடும்பத்தில பைத்தியம் இல்ல மிஸ்" என்றேன். "நான் அப்படிச் சொல்லவே இல்லையே. கை உடைஞ்சா கட்டுறதுக்குப் போவீங்கதானே?" என்று கேட்டுத் துண்டை என் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுப் போனா. அவ சைக்கிள் திரும்பும் முன் அதை நாலாகக் கிழித்தேன். அடுத்த கிழமை வந்து வேறொன்று தந்தா. அதையும் கிழித்தேன்.

மூன்றாம் தரம் அவ வந்தபோது நான் படலையிலேயே மறித்தேன். "அவ இஞ்ச இல்ல. அவட ஊட்டாக்களோட போய்ட்டா" என்றேன். குசினிப் பக்கம் உட்கார்ந்திருந்த உன் உம்மா அதைக் கேட்டா. மாதக் கணக்காக வாய் திறக்காத மனிசி, அன்றைக்குச் சத்தம் வைத்தா. "நான் இஞ்சதான் இரிக்கன் மிஸ். நான் வாறன்." அவ்வளவுதான் சொன்னா. பெரிய சத்தமும் இல்லை. மிஸ் என் முகத்தைப் பார்த்தா. நான் நிலத்தைப் பார்த்தேன். பிறகு படலையைச் சாத்திக் கொண்டியைப் போட்டேன். உள்ளே திரும்பும்போது உம்மா குசினி வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றா. தலையில் முந்தானையை இழுத்து விட்டிருந்தா. போகிறதுக்குத் தயாராக. என்னைக் கண்டதும் செருப்பைக் கழற்றி ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துவிட்டு உள்ளே போனா. அதற்குப் பிறகு மவுத்தாகும் வரை அவ என்னிடம் எதையும் கேட்டதில்லை.

ஓதிப் பார்க்கச் சொல்கிறாய். நானும் பார்த்தேன். மௌலவி தண்ணீர் ஓதித் தந்தார், நல்ல மனிதர். தரும்போது, "இதக் குடுங்க, துஆச் செய்யிங்க, ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போங்க" என்று சொன்னார். அவர் சொன்னதில் பாதியைத்தான் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மற்றப் பாதியை வழியில் விட்டுவிட்டேன். பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளைதான். உம்மா அதன் முகத்தைப் பார்க்கவில்லை. பால் கொடுக்கச் சொன்னால் உடம்பு முழுவதும் நடுங்கினா. வார்ட்டில் டொக்டர் என்னைக் கூப்பிட்டு, "இவ்வளவு மாசமா ஒருத்தரும் ஒங்களுக்குச் செல்லல்லயா?" என்று கேட்டார். அப்போது என் வாயிலிருந்து வந்ததைக் கேள். "துண்டு தந்தாங்க டொக்டர். எனக்கு எழுத வாசிக்கத் தெரியா. அதில என்ன இரிந்திச்சி எண்டு தெரியா." அவர் என்னைப் பார்த்து இரக்கப்பட்டார். மகன், அந்த இரக்கம் எனக்கு நல்ல ருசியாக இருந்தது. வாசிக்கத் தெரியாதவனை உலகம் லேசாக மன்னித்துவிடும். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அதையே சொன்னேன். உன் மாமியிடமும் சொன்னேன், என்னிடமும் சொல்லிக்கொண்டேன். துண்டில் இருந்ததை மிஸ் வாயாலேயே சொன்னா என்பதை யாரிடமும் சொல்லவில்லை. காது எனக்கு நன்றாகத்தான் கேட்டது.

பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொடுத்த பொம்பிளை என்று நீ ஒரு நாள் உம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னாய். பதினாறு வயது உனக்கு. கொடுத்தது அவ இல்லை. பெற்று நாற்பது நாள் கடக்கும் முன்பே நான்தான் பிள்ளையை மாமியின் மடியில் வைத்துவிட்டு, அவளுக்குப் பிள்ளை இல்லாத குறை தீர்ந்தது, எனக்குத் தொல்லை தீர்ந்தது என்று எழும்பி வந்தேன். வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்து நாம் மூன்று பேரும் சாய்ந்தமருதுக்கு வந்துவிட்டோம். உன் தங்கச்சி இன்றைக்கும் மாமியைத்தான் உம்மா என்கிறாள். நீ அன்று அதைச் சொன்னபோது நானும் அந்த அறையில்தான் இருந்தேன். உம்மா என்னைப் பார்த்தா. நான் வலைக்கு ஊசி கோத்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம்தான் நீ மாகாணத்தில் இரண்டாவதாக ஓடி வந்து சேர்ட்டிபிகேட் கொண்டுவந்தாய். உம்மா வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "சோறு போட்டிரிக்கி" என்றா. நீ சாப்பிடாமல் வெளியே போய்விட்டாய். போன பிறகு அவ அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அஸர் பாங்கு சொல்லும் வரை அசையாமல் இருந்தா. விரலால் உன் பெயரைத் தடவினா. அவவுக்கு வாசிக்கத் தெரியும், உனக்கு ஞாபகம் இருக்கும். நான் கண்டேன். உன்னிடம் சொல்லவில்லை. ஏனென்றால் நீ அவமேல் கோபமாக இருக்கும் வரைக்கும் உனக்கு என்மேல் கோபம் வராது. இருபது வருஷம் உன் பாசத்தை இப்படித்தான் நான் பிடித்து வைத்திருந்தேன்.

இனி றிஸ்மியாவின் சங்கதி. உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்பதும் இல்லை. ஒரு மிஸ் கூப்பிடுவா, இவள் உள்ளே போவாள், முக்கால் மணித்தியாலத்தால் வருவாள். நான் வெளியே நீட்டு மர வாங்கில் உட்கார்ந்திருப்பேன். என்னோடு இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள், பாண்டிருப்பு ஆட்கள், மருதமுனை ஆட்கள். யாருக்கும் தலையில் கொம்பு இல்லை. முதல் நாள் ஓட்டோவில் திரும்பி வரும்போது, "மாமா, அங்க ஒருத்தரும் என்ன ஏசல்ல" என்றாள். அதைச் சொல்லும்போது அழுதாள். இப்போதைக்குக் கதைப்பதுதான் வைத்தியமாம். மருந்து தேவைப்பட்டால், வயிற்றில் இருக்கும் பிள்ளையையும் பார்த்துத்தான் டொக்டர் தருவாராம். சுகமாகிவிட்டாள் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். சில நாள் இன்னும் தலை வாராமல் கிடக்கிறாள். நித்திரை சரியில்லை. நல்ல உம்மாவாக என்னால் இருக்க ஏலாது என்று சொல்கிறாள். அவளிடம் நீ செய்யக் கூடியது பெரிதாக ஒன்றும் இல்லை. மிரட்டாதே. 'உனக்கு என்ன குறை' என்று கேட்காதே, நான் கேட்ட கேள்வி அது. அவள் பேசாமல் இருந்தால் கோலை வைத்துவிடாமல் நீயும் கொஞ்சம் பேசாமல் இரு. ஊர் கதைக்கும் என்கிறாய். கதைக்கும்தான். ஊர் கதைக்கும் என்று பயந்து நான் சாத்திய படலைக்கு உள்ளே மூன்று பேர், உம்மா மவுத்தாகும் வரை, பதினைந்து வருஷம் இருந்தோம். ஊரில் ஒருவரும் வந்து திறந்து விடவில்லை.

இந்தக் கடைசிப் பக்கத்தை மற்றதெல்லாம் முடிந்த பிறகு எழுதுகிறேன். அவளைப் பற்றி எழுதியதை அவள் அறியாமல் அனுப்புவது சரியில்லை என்று பட்டது. நேற்று ளுஹர் தொழுகைக்குப் பிறகு கொப்பியை அவள் கையில் கொடுத்தேன். முற்றத்துக் கதிரையில் இருந்து வாசித்தாள். நெடுநேரம் வாசித்தாள். பிறகு உள்ளே போய்ச் சிவப்புப் பேனையை எடுத்துவந்தாள். மகன், எத்தனை மாதத்துக்குப் பிறகு! நீ பார்க்கும் சிவப்புக் கோடுகளெல்லாம் அவள் போட்டவை. வொய்ஸ் பக்கத்தில் மட்டும் பதினெட்டுப் பிழை. "இவ்வளவு படிச்சும் இன்னும் இப்பிடியா மாமா?" என்று ஏசினாள். அந்த ஏச்சைக் கேட்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று உனக்கு எழுதிக் காட்ட ஏலாது. உம்மாவின் செருப்பைப் பற்றி எழுதிய பக்கத்தைப் பார்த்தேன். அதில் ஒரு கோடும் இல்லை. "இதில பிழை இல்லையா மகள்?" என்று கேட்டேன். "இரிக்கி மாமா" என்றாள். "அத நான் தொடல்ல. அப்படியே அனுப்புங்க."

புதன்கிழமை காலையில் வேலைக்கு ஏறும் முன் நீ அவளுக்கு எடுப்பாய். அவள் எடுக்காவிட்டால் கோபிக்காதே, உள்ளே இருப்பாள். எனக்கு எடு. உன் உம்மாவோடு நான் உட்கார்ந்திருக்க வேண்டிய வாங்கில் உட்கார்ந்திருப்பேன். அவள் வெளியே வரும் வரை எழும்ப மாட்டேன்.

வாப்பா